பேய் ஏன் செருமியது?

நான் பேய்க்குப் பயப்படாதவன். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு கணினி என் நாடியைப் பிடித்துப் பார்த்து, எழுபது பேர் முன்னிலையில் உறுதி செய்த விஷயம். அதே கணினி, அதே எழுபது பேர் முன்னிலையில், அடுத்த பத்தே நிமிடத்தில் நான் எதற்குப் பயப்படுகிறேன் என்பதையும் கண்டுபிடித்துவிட்டது. அந்த எழுபது பேரில் என் வருங்கால மாமனாரும் ஒருவர். தாம் என் வருங்கால மாமனார் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. (பிரச்சினையே அதுதான்.)

முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திரு. அரங்கசாமி, நான் படித்த ஆண்கள் உயர்நிலைப் பள்ளியின் ஒழுங்கு ஆசிரியர். முடி காலரைத் தொடுகிறதா, சட்டை உள்ளே இருக்கிறதா, சாக்ஸ் கணுக்காலுக்கு மேலே ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. பிரம்பை எடுத்து நான் பார்த்ததில்லை. எடுக்க வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. காரிடார் முனையில் வந்து நின்று ஒரு முறை செருமுவார். க்க்ஹூம். அடித்தொண்டையில் ஒரு சின்ன உறுமலாக ஆரம்பித்து, நடுவில் கொஞ்சம் நின்று, கடைசியில் ஒரு கேள்வி கேட்பதுபோல மேலே ஏறும். அந்தச் சத்தம் வந்தால் காரிடாரில் இருக்கும் நாற்பது பையன்களும் ஒரே நேரத்தில் சட்டையை உள்ளே விடுவோம், குனிந்து சாக்ஸை இழுத்துவிடுவோம், கைப்பேசியை எங்கேயாவது ஒளிப்போம். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் செருமல் சார். நான்கு வருடம், தினமும் ஐந்தாறு தடவை இந்தப் பயிற்சி நடந்தது. பள்ளியில் சொல்லிக்கொடுத்த வேதியியல் மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

பத்து வருடம் கழித்து ஒரு நண்பனின் கல்யாணத்தில் மாலினியைப் பார்த்தேன். பழகினோம். பிடித்துப்போயிற்று. மூன்று மாதம் கழித்து ஒருநாள் தேக்கா சந்தை மாடியில் உட்கார்ந்து தே தாரிக், அதாவது ஆற்றிய பால் தேநீர், குடித்துக்கொண்டிருந்தபோது, தன் குடும்பப் படத்தைக் கைப்பேசியில் காட்டினாள். அம்மா, தம்பி, நடுவில் அப்பா. நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மேசைக்கு அடியில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டேன். வெறும் படத்துக்கே இந்தக் கதி.

எங்கள் ஊர்க் காதல் எப்படி வளரும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். மற்ற ஊர்களில் மண்டியிட்டு மோதிரம் நீட்டுவார்களாம். சிங்கப்பூரில் "பிடிஓ போடலாமா?" என்று கேட்போம். இனிமேல்தான் கட்டப்போகும் அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று சொல்லி இருவருமாக மனுப்போடுவது. வீடு கட்டி முடிய வருடக்கணக்காகும் என்பதால், முந்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று எல்லாரும் நினைப்பார்கள். பல ஜோடிகள் வீட்டில் சொல்வதற்கு முன்பே மனுவைப் போட்டுவிடும். "எப்படியும் குலுக்கல்ல நம்பர் வராது, சும்மா போட்டு வைப்போம்" என்றாள் மாலினி. போட்டோம். நம்பர் வந்துவிட்டது. நல்ல நம்பர் வேறு. வீட்டைத் தேர்ந்தெடுக்க வரச்சொல்லி நாளும் கொடுத்துவிட்டார்கள்.

ஆக, எங்களுக்கு வீடு ரெடி. அப்பாவுக்குத் தகவல்தான் ரெடியில்லை.

"எங்கப்பாகிட்ட எப்பப் பேசப் போற?" என்று கேட்டாள்.

"பேசுறேன்."

"போன மாசமும் இதத்தான் சொன்ன. அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பாய்ண்ட்மெண்ட்."

"நீயே சொல்லிடேன் மாலினி. உங்கப்பாதானே."

"நான் சொன்னா முதல் கேள்வியே, 'அவனுக்கு வாய் இல்லையா, ஏன் அவன் வரல'ன்னு வரும். அதுக்கப்புறம் நீ தலைகீழா நின்னாலும் ஒன்னும் நடக்காது. அப்பா தலையாட்டாம நான் அங்க வந்து கையெழுத்துப் போடமாட்டேன். நாள விட்டா நம்பர் போயிடும். போகட்டும்."

"போகட்டும்னா?"

"போகட்டும்னா போகட்டும்தான். பயமா இருந்தா பயம்னு சொல்லு. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

இந்த இடத்தில் ஒரு மனிதன் 'ஆமாம், பயமாக இருக்கிறது' என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். நான் சொன்னது இது: "பயமா? எனக்கா? இருபத்தெட்டு வயசு ஆள் லா நான். துவாஸ் ஃபேக்டரில எனக்குக் கீழ பன்னிரண்டு பேரு வேலை செய்றாங்க. உங்கப்பா ரிட்டையர் ஆயிட்டாரு. நேர்ல பாத்தா கையக் குடுத்து 'ஹலோ அங்கிள்'னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

"அங்கிளா," என்றாள் மாலினி. "சரி. பாப்போம்."

அவள் 'பாப்போம்' என்று சொன்னால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது பாரூக். பள்ளியில் என் பக்கத்து மேசைக்காரன், இன்றுவரை என்னை விட்டுப் போகாத சிநேகிதன். அவன் குடும்பம் மூன்று தலைமுறையாக டன்லப் தெருவில் பயணப்பெட்டி வியாபாரம். இவன் மட்டும் பெட்டி விற்காமல் கணினி விளையாட்டு செய்யப் போய்விட்டான். இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து மூன்று வருடம் உழைத்து, தமிழில் பேசும் ஒரு திகில் விளையாட்டை உருவாக்கியிருந்தான். பெயர் 'உனக்கு மட்டும்'. சாதாரண விளையாட்டில் எல்லாருக்கும் ஒரே பேய்தான் வரும். இதில் அப்படியில்லை. தலையில் ஒரு ஹெட்செட்டை மாட்டிவிடுவார்கள், கண்ணையும் காதையும் அது மூடிவிடும். மணிக்கட்டில் ஒரு பட்டை, அது நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டே இருக்கும். விளையாட்டு நம்மிடம் ஒவ்வொன்றாகக் காட்டிப்பார்க்கும். இருட்டைக் காட்டும், கரப்பான் பூச்சியைக் காட்டும், பொம்மையைக் காட்டும். துடிப்பு ஏறாவிட்டால் அதைத் தூக்கிப்போட்டுவிடும். எதற்கு ஏறுகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு, அதையே மேலும் மேலும் கொடுக்கும்.

"சத்தத்தக்கூட விடாது டா," என்று பாரூக் பெருமையாகச் சொன்னான். "மைக் எப்பவும் திறந்தே இருக்கும். நீ இருக்குற ரூம்ல கேக்குற சத்தத்துல எதுக்காவது ஒனக்குத் தூக்கிப் போட்டுச்சுன்னா, அத எடுத்து வச்சுக்கிட்டு உனக்கே திருப்பிக் குடுக்கும்."

"வெளிய வர்றது எப்படி?"

"கடைசில ஒரு கதவு. எதுக்குப் பயப்படுறன்னு வாயத் திறந்து சொல்லணும். உண்மையச் சொன்னா துடிப்பு இறங்கும், கதவு திறக்கும். பொய் சொன்னா திறக்காது."

அறிமுக விழாவை அவன் மாமாவின் பயணப்பெட்டிக் கடைக்கு மேலே இருந்த கூடத்தில், ஒரு சனிக்கிழமை மதியம் வைத்தான். நம் ஆட்கள் எதைத் தொடங்கினாலும் சிறப்பு விருந்தினர் வேண்டும், பொன்னாடை வேண்டும், வடை வேண்டும். பேய் விளையாட்டுக்கும் அதே சடங்குதான். சிறப்பு விருந்தினருக்கு ஆள் கிடைக்காமல் பாரூக் தவித்தபோது, மாலினி தானாகவே முன்வந்தாள். "எங்கப்பா வருவாரு. பழைய மாணவன் கூப்பிட்டா எப்பவும் போவாரு."

அவள் திட்டம் எனக்குப் பிடித்திருந்தது. நான்கு மணிக்கு மேடையில் நான் விளையாடிக் காட்டுவேன். நான்கு இருபதுக்கு முடித்துவிடுவேன். நான்கரைக்கு அப்பா வருவார். அதற்குள் கூட்டமே என் தைரியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். டீ நேரத்தில் அவள் அறிமுகம் செய்வாள். நான் கையைக் கொடுத்து, விஷயத்தை நிதானமாகச் சொல்வேன். அவர் தலையாட்டுவார், செவ்வாய்க்கிழமை கையெழுத்து. பிசகுவதற்கு இடமே இல்லை என்று நினைத்தேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். ஒழுங்கு ஆசிரியருக்கு நான்கரை என்றால் நான்கு பத்து.

சனிக்கிழமை. கூடம் முழுக்கப் புதுப் பெட்டிகளின் தோல் வாசனை, அதற்கு மேலே வடை வாசனை. நான் வெள்ளைச் சட்டையை வெளியே விட்டு, கையை மடித்து, காலில் செருப்போடு, சினிமாக்காரன் போல மேடையேறினேன். மாலினி பின்னால் டீ மேசைப் பக்கம் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நான் பார்ப்பதையும் கேட்பதையும் கூட்டமும் பார்த்துக் கேட்க, என் பின்னால் பெரிய திரையும் ஒலிபெருக்கியும். திரையின் ஓரத்தில் என் நாடித்துடிப்பு பச்சைக் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. பாரூக் மைக்கைப் பிடித்துக்கொண்டு வர்ணனையாளர் ஆகிவிட்டான்.

ஹெட்செட்டை மாட்டினேன். லிஃப்ட் கதவு திறந்தது. நம் அடுக்குமாடியில் பார்க்கிற அதே நீளக் காரிடார். வாசலில் செருப்பு ரேக், தொட்டிச் செடி, காயப்போட்ட துணி, எல்லாம் அச்சு அசல். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. செருப்பு ரேக்கிலிருந்து கரப்பான் பூச்சிகள் வந்தன. "வாங்க, வாங்க," என்றேன். கூட்டம் சிரித்தது. துணிக்கம்பிலிருந்து ஒரு பெண் தலைமுடியை விரித்துப்போட்டு இறங்கி வந்தாள். (அவள் ஒருத்தியை வரையவே இரண்டு வருடம் ஆயிற்று என்று பாரூக் சொல்லியிருக்கிறான்.) என் முகத்துக்கு நேரே வந்து வாயைத் திறந்தாள். "சாப்பிட்டாச்சாக்கா?" என்று விசாரித்தேன். கூட்டம் கைதட்டியது.

"எழுபத்திரண்டு," என்று பாரூக் மைக்கில் அறிவித்தான். அவன் குரலில் கொஞ்சம் வருத்தம். "துடிப்பு எழுபத்திரண்டுலேயே நிக்குது. இவன் மனுசனே இல்ல போல."

அந்த எழுபத்திரண்டுதான் என் வாழ்க்கையின் உச்சம். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இறக்கம்.

க்க்ஹூம்.

அது உண்மையான செருமல். செருமல் சார் வந்து, முதல் வரிசையில், என்னிடமிருந்து ஆறடி தூரத்தில் உட்கார்ந்து, விழாவுக்கு வந்த எந்தப் பெரிய மனிதரும் செய்வதுபோலத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் கண்ணும் காதும் மூடிய எனக்கு அது வெளியே கேட்டதா, விளையாட்டுக்குள்ளே கேட்டதா என்று தெரியவில்லை. யோசிப்பதற்கு முன்பே என் கைகள் வேலையை ஆரம்பித்துவிட்டன. எழுபது பேர் முன்னால் சட்டையை உள்ளே விட்டேன். பிறகு குனிந்து, இரண்டு கால்களிலும் சாக்ஸை மேலே இழுத்துவிட்டேன். நான்தான் செருப்பு போட்டிருந்தேனே. இல்லாத சாக்ஸைத்தான் இழுத்திருக்கிறேன்.

"நூற்று முப்பத்தொன்னு," என்றான் பாரூக். அவன் குரலும் மாறிவிட்டது. (அவனும் அந்த நேரத்தில் தன் கைப்பேசியை அவசரமாக வடைத் தட்டுக்கு அடியில் ஒளித்தான் என்று பிற்பாடு மாலினி சொன்னாள்.)

கணினிக்கு இதைவிட என்ன வேண்டும். இரண்டு வருடம் ஊட்டி வளர்த்த பேய்க்காரியை அந்த நிமிடமே ஓரம்கட்டிவிட்டது. காரிடாரின் மறுமுனையில், இருட்டுக்குள்ளிருந்து, அதே செருமல் வந்தது. க்க்ஹூம். நான் திரும்பி ஓடினேன். அந்தப் பக்கத்துக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. லிஃப்டுக்குள் போனேன். மாடி எண் மாறும்போது மணி அடிப்பதற்குப் பதிலாக லிஃப்ட் செருமியது. தொட்டிச் செடி செருமியது. பேய்க்காரி மறுபடி வந்தாள், பாவம், தலைமுடியெல்லாம் ஒதுக்கிவிட்டு, வாயைத் திறந்தாள். அவள் தொண்டையிலிருந்தும் ஒழுங்கு ஆசிரியர்தான் வந்தார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள் முதல் வரிசையில் இருந்தார். தன் சத்தத்தை எவனோ கிண்டல் செய்கிறான் என்று அவருக்குச் சந்தேகம். யாராவது கிண்டல் செய்தால் அவர் என்ன செய்வார்? எச்சரிக்கையாக ஒரு முறை செருமுவார். செருமினார். மைக் அதையும் எடுத்து வைத்துக்கொண்டது. அவர் ஒன்று கொடுத்தால் கணினி நான்காகத் திருப்பிக் கொடுத்தது. அவருக்குக் கோபம் ஏற ஏற எனக்குத் துடிப்பு ஏறியது.

கழற்றிப் போட்டுவிட்டு ஓடவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். கழற்றினால் வெளியே நிஜமான அவர் இருப்பாரோ என்று பயம். உள்ளேயே இருந்தால் வெறும் பேயோடு போகும். பேய் எனக்குப் பழகியிருந்தது.

கடைசிக் கதவு வந்தது. அதன்மேல் சிவப்பு எழுத்தில் இரண்டே சொல்: 'எதற்குப் பயம்?' என் பின்னால் காரிடாரில் செருமல் நெருங்கி நெருங்கி வந்துகொண்டிருந்தது. பாரூக் சொன்னது மட்டும் நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவேண்டும்.

காதை மூடிக்கொண்டு பேசுகிறவன் எவ்வளவு சத்தமாகப் பேசுவான் என்று உங்களுக்கே தெரியும்.

"செருமல் சார்," என்றேன். கதவு கொஞ்சம் அசைந்தது. திறக்கவில்லை. "செருமல் சார்னா பயம் சார்." இன்னும் கொஞ்சம் அசைந்தது. பின்னால் க்க்ஹூம். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "சார், நாங்க பிடிஓ போட்டுட்டோம் சார். நம்பர் வந்துருச்சு சார். செவ்வாய்க்கிழமை அப்பாய்ண்ட்மெண்ட் சார். உங்ககிட்ட சொல்லணும்னுதான் சார் இருந்தோம்."

கதவு பாதி திறந்து நின்றது. இன்னும் ஏதோ உண்மை பாக்கியிருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. செருமல் என் காதுக்கருகில் வந்துவிட்டது. பதினான்கு வயதில் நான் சொன்ன, ஒவ்வொரு பையனும் சொன்ன அந்த ஒரே வாக்கியம், நான் கூப்பிடாமலே வெளியே வந்தது.

"நான் இல்ல சார். மாலினிதான் சார்."

கதவு விரியத் திறந்தது. வெளிச்சம் வந்தது, புல்லாங்குழல் வந்தது. "வாழ்த்துகள். உங்கள் பயத்தை வென்றுவிட்டீர்கள்," என்று ஒரு பெண்குரல் எழுபது பேருக்கும் கேட்கும்படி அறிவித்தது.

ஹெட்செட்டைக் கழற்றினேன். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். மாலினி டீ மேசைக்குப் பின்னால், கையில் ஒரு வடையோடு, என்னை ஒரு புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறடி தூரத்தில் செருமல் சார் எழுந்து நின்றார். தலை நரைத்துவிட்டது. மற்றபடி அதே ஆள், அதே சலவைச் சட்டை.

"குணசீலன்," என்றார். "உயர்நிலை மூணு, இ வகுப்பு."

"எஸ் சார்."

"எந்த மாலினி?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒரு முறை சொன்னது போதும் என்று தோன்றியது. மாலினியே நடந்து முன்னால் வந்தாள். வடையைக் கீழே வைக்க மறந்துவிட்டாள்.

"நான்தான்பா."

"இவன் சொல்றது உண்மையா?"

"உண்மைதான்பா. நான்தான் போடலாம்னு சொன்னேன். இவரும் சரின்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே என் பச்சைக் கோடு செங்குத்தாக ஏறி உறைந்து நின்றுகொண்டிருந்தது.

"அதேதான்பா எனக்கும்," என்றாள். "நீங்க லிஃப்ட விட்டு இறங்குறப்பவே வீட்டுக்குள்ள கேக்கும். டிவிய அணைச்சுட்டுப் புத்தகத்த எடுத்துட்டு உக்காந்துடுவேன். இருபத்தேழு வயசாயிடுச்சு, இப்பவும் உக்காந்துடுறேன். இவருக்குப் பயம்னு கிண்டல் பண்ணேன். எனக்குந்தான் பயம்."

எனக்கு அது புதுச் செய்தி. இத்தனை மாதம் என்னைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தவள், தன்னால் போகமுடியாத இடத்துக்குத்தான் என்னைத் தள்ளியிருக்கிறாள். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நான் காட்டிக்கொடுத்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

சார் திரையை ஒரு முறை பார்த்தார். பிறகு மேடையேறி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். "இத எனக்கு மாட்டு," என்றார் பாரூக்கிடம்.

"சார், கொஞ்சம் இருங்க சார், இவனோடத அழிச்சுட்டு உங்களுக்குப் புதுசா..."

"அழிக்காத. அவன் என்ன கேட்டானோ அதையே நானும் கேக்கணும்."

பாரூக் மாட்டிவிட்டான். காரிடார் வந்தது, விளக்கு அணைந்தது, பேய்க்காரி வந்து வாயைத் திறந்தாள். சாரின் துடிப்பு அறுபத்துநான்கு. அசையவில்லை. நாற்பது வருடம் ஆண்பிள்ளைகளோடு காலம் தள்ளியவரைப் பேய் என்ன செய்துவிடும். அவர் நிதானமாக நடந்து காரிடாரின் நடுவுக்குப் போனார். அப்போது மறுமுனையில், இருட்டுக்குள்ளிருந்து, அது வந்தது.

க்க்ஹூம்.

அறுபத்துநான்கு நூற்றுப் பதினெட்டுக்குத் தாவியது. கூட்டமே 'ஹா' என்றது. சாரின் வலது கை தானாக மேலே போய், கழுத்துப் பொத்தானைத் தேடிப் போட்டது. இடது கை சட்டை உள்ளே இருக்கிறதா என்று இடுப்பைத் தடவிப் பார்த்தது.

அவரே ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்படியா இருக்கு?" என்று கேட்டார்.

பிறகு பாரூக் பக்கம் திரும்பினார்.

"பாரூக், நீ சொல்லு."

"கொஞ்சம்..." என்றான் பாரூக். "ஆமா சார்."

"நானே பட்டனப் போட்டுட்டேன்," என்றார் சார். மாலினியைப் பார்த்தார். "வெளியில இருந்து கேட்டதே இல்லம்மா நான். யாரும் சொல்லவும் இல்ல." எதையோ பேசுவதற்குத் தயாராகத் தொண்டையைச் சரிசெய்யப் போனார். எழுபது பேரும் அவரையே பார்த்தோம். பாதியில் நிறுத்தி, பக்கத்திலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். என் வாழ்க்கை அந்தத் தண்ணீர் பாட்டிலின் மூடியில் நின்றுகொண்டிருந்தது.

"எந்த ஏரியா?"

"சார்?"

"வீடு. எந்த ஏரியாவுல?"

"கிளமெண்டி பக்கம் சார்."

"எம்ஆர்டி ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம்?"

"நடந்து எட்டு நிமிஷம் சார்."

"நீ ஓடுவ, எட்டு நிமிஷம். நான் நடந்தா?"

"பன்னிரண்டு சார்."

கொஞ்சம் யோசித்தார். எந்தச் சிங்கப்பூர்க்காரரும் யோசிக்க வேண்டிய விஷயம்தான். "செவ்வாய்க்கிழமை எத்தன மணிக்கு?"

"பத்தரைக்கு சார்."

"பத்து மணிக்கு அங்க இருக்கணும். நானும் வர்றேன். பதினோராம் மாடிக்குக் கீழ எடுக்காதீங்க." அப்புறம் என் சட்டையைப் பார்த்தார். "இப்ப வெளிய எடுத்து விட்டுக்கலாம். ஸ்கூல் முடிஞ்சிருச்சு."

மாலினி அழுதாள், வடையையும் கடித்தாள். பாரூக் பதற்றத்தில் பொன்னாடையைக் கொண்டுவந்து என் தோளில் போர்த்திவிட்டான். "அவனுக்கு ஏன்டா போடுற?" என்று சார் கேட்டபோதுதான் கூடம் மறுபடி சிரிக்க ஆரம்பித்தது. நான் அவரிடம் கையைக் கொடுத்து ஹலோ அங்கிள் சொன்னேனா என்றால், இல்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவர் எனக்கு மாமா ஆகி ஆறு வருடம் ஆகிறது, இன்னும் 'சார்'தான்.

மாலினி அப்பாவிடம் தப்பினாளே தவிர நான் மாலினியிடம் தப்பவில்லை. செவ்வாய்க்கிழமை காலைவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தில், அந்த அலுவலகப் பெண்மணி "முதல் மனுதாரர் யாரு?" என்று சாதாரணமாகக் கேட்டபோது, அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "நான் இல்ல மேடம், குணசீலன்தான் மேடம்," என்றாள். சார் அங்கேயே வாய்விட்டுச் சிரித்தார். அவருக்குப் பல் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்த வாக்கியம் எங்கள் குடும்பத்தில் குடியேறிவிட்டது. சாம்பாரில் உப்பு அதிகமானால் என் மாமியார் சொல்கிறார். காரில் கீறல் விழுந்தால் மச்சான் சொல்கிறான். எங்கள் நான்கு வயது மகள் சுவரில் கிறுக்கிவிட்டு, கையில் கிரேயானோடு நிமிர்ந்து நின்று, "நான் இல்ல சார், மாலினிதான் சார்," என்கிறாள். பெற்ற தாயைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கிறாள். அப்படியே அப்பன்.

பாரூக்கின் விளையாட்டு சுமாராக ஓடியது. சாரிடம் அனுமதி வாங்கி அந்தச் செருமலை உள்ளேயே வைத்துவிட்டான். எங்கேயோ ஒரு நாட்டிலிருந்து, பேய் பரவாயில்லை, தொண்டையைச் செருமும் அந்த மனிதர் யார் என்று கேட்டு ஒருவர் எழுதியிருந்தாராம். சார் அதைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார். நேரில் செருமுவதை மட்டும் அன்றோடு நிறுத்திவிட்டார். தொண்டை கரகரத்தால் தண்ணீர் குடிக்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு வீடு கைக்கு வந்தது. பன்னிரண்டாம் மாடி, காரிடாரின் கடைசி வீடு. புதுமனைக்கு வந்த பாரூக் ஒரு அழைப்பு மணியைப் பரிசாகக் கொண்டுவந்து, அவனே ஏணி போட்டு ஏறி மாட்டிக் கொடுத்தான். அழுத்திப் பார்க்கச் சொன்னான். க்க்ஹூம். கழற்றச் சொன்னேன். மாலினி விடவில்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சார் சாப்பிட வருகிறார். பன்னிரண்டு மணி என்றால் பதினொன்று நாற்பதுக்கு மணி அடிக்கும். கேட்டதும் வீட்டுக்குள்ளே நான் சட்டையை உள்ளே விட்டுக்கொள்கிறேன். பிறகு கதவுத் துளை வழியாகப் பார்க்கிறேன். வெளியே சார் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் முடிக்கும்வரை காத்திருந்து கதவைத் திறக்கிறேன்.